ஏழு பேர் குனியும் அறை

சமயத்தால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கண்டறிய ஒரு நிலையம் இருந்தது. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பது அதன் பொறுப்பில் வராது. அது வேறு துறை. அதற்கு இன்னும் ஆள் போடவில்லை.

நிலையம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் மீதிக் கதை எளிது. மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் பிணைப்புப் பிரிவு. செங்கல்லைச் செங்கல்லோடு கலவை பிடித்து நிறுத்துவதுபோல மனிதர்களைச் சமயம் பிடித்து நிறுத்துகிறது என்பது அவர்கள் முடிவு. இரண்டாம் மாடியில் அடக்கப் பிரிவு. மிதிபடுகிறவன் கத்தாமல் இருக்கக் கொடுக்கப்படும் மயக்க மருந்துதான் சமயம் என்பது அவர்கள் முடிவு. மூன்றாம் மாடியில் பொருள் பிரிவு. கும்பிடுகிறவரையே கேட்காமல் எதையும் சொல்லக் கூடாது என்பது அவர்கள் முடிவு. கேட்பதற்கான கேள்வித்தாள் பதினோரு ஆண்டுகளாகத் திருத்தத்தில் இருந்தது. ஒரு மாடிக்காரர் இன்னொரு மாடிக்காரரோடு பேசுவதில்லை. மூன்று பிரிவும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஆய்வுக்குக் கிளம்பும்போதே முடிவு கையில் இருந்தால் வழிதவற வாய்ப்பில்லை.

நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர்தான் நம்முடைய ஆள். இருபத்திரண்டு வருட அனுபவம். கயிறு முனகினால் எந்தச் சக்கரத்தில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று கீழே நின்றே சொல்லிவிடுவார். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பழுதுப் புத்தகம் உண்டு. அதில் தேதி, பழுது, காரணம், செய்த வேலை என்று நான்கு கட்டங்கள். மற்ற மெக்கானிக்குகள் ‘காரணம்’ கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். இவர் ஒருநாளும் அப்படி விட்டதில்லை. ‘மூன்றாம் மாடிக் கதவின் இடுக்கில் சட்டைப் பொத்தான்’ என்று பொத்தானின் நிறம்வரை எழுதுவார்.

அவர் மனைவி அதே மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில் படுத்திருந்தாள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. டாக்டர் சொன்னதை அவர் மனைவிக்கு விளக்கினார்.

“ஒண்ணுமில்ல. தண்ணி போனதும் மூடிக்கணும். உனக்கு மூடல. கொஞ்சம் திரும்பி வருது. அவ்வளவுதான்.”

“குழாய்ல வாஷர் போனமாதிரியா?”

“கிட்டத்தட்ட.”

“அப்ப நீங்களே மாத்திடலாமே. இவங்க எதுக்கு ஏழு டாக்டர் வந்து பாத்துட்டுப் போறாங்க?”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பார்த்துவிட்டு, ஒரு மாடி ஏறி, ஆறாம் மாடியின் கோடியில் இருந்த சின்ன அறைக்கு அவர் போவார். ஒரு காலத்தில் துடைப்பமும் வாளியும் போட்டுவைத்த அறை. இப்போது இரண்டு பெஞ்சும் ஒரு ஜன்னலும் இருந்தன. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நோயாளியின் சொந்தக்காரர்கள், ஆயாக்கள், காவலாளிகள் என்று யார் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். ஒருவர் மண்டியிடுவார், ஒருவர் மணி உருட்டுவார், ஒருவர் உதட்டை மட்டும் அசைப்பார், ஒருவர் சும்மா ஜன்னலைப் பார்ப்பார். நம்முடையவர் கடைசி ரகம்.

“என்னங்க, எல்லாத்துக்கும் காரணம் சொல்ற ஆளு நீங்க,” என்றாள் மனைவி ஒருநாள். “அங்க போய் எதுக்கு உக்கார்றீங்க, சொல்லுங்க பாப்போம்.”

அவர் யோசித்தார். “தெரியல.”

அவள் சிரித்துவிட்டு இருமினாள். “கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷத்துல நீங்க தெரியலன்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன். போங்க, போய் உக்காந்துட்டு வாங்க.”

இந்த அறை மருத்துவமனை நிர்வாகியின் கண்ணில் பட்டது. பழைய கோப்புகளை வைக்க அவருக்கு இடம் வேண்டியிருந்தது. ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். “எனக்கு யார்மேலயும் விரோதம் கெடையாது. இந்த ரூமால என்ன பயன்னு எதிர்த்த கட்டடத்துல எழுதிக் குடுக்கட்டும். பயன் இருந்தா இருக்கட்டும்,” என்றார் நிர்வாகி. நிலையத்துக்குக் கடிதம் போயிற்று.

நிலையம் ஓர் அலுவலரை அனுப்பியது. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொள்வார் என்பதால் இரண்டாம் நாளே அவருக்குத் தலையாட்டி என்று பெயர் விழுந்துவிட்டது. நிலையத்துக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: ஆய்வாளர் களத்துக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் அங்கிருப்பவர்கள் இயல்பு மாறிவிடுவார்கள். எனவே தலையாட்டி வராந்தாவில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியாக ஆறு வாரம் உள்ளே பார்த்தார்.

அவர் கண்ணில் ஓர் அதிசயம் பட்டது. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், கதவைத் தாண்டியதும் குனிந்தார்கள். இரண்டு அடி குனிந்தபடியே நடந்து பிறகு நிமிர்ந்தார்கள். வெளியே வரும்போதும் அப்படியே. நானூற்றுப் பன்னிரண்டு பேரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

நிலையம் பரபரத்தது. பிணைப்புப் பிரிவு, எல்லாச் சமயத்துக்கும் பொதுவான ஒரு சடங்கு தானாக முளைத்துவிட்டதாக எழுதியது. அடக்கப் பிரிவு, ஊழியர்கள் பணிவுக்குப் பழக்கப்படுத்தப்படுவதாகவும், டாக்டர்கள் யாரும் அந்த அறைக்கு வராதது கவனிக்கத்தக்கது என்றும் எழுதியது. பொருள் பிரிவு, குனிவின் பொருளைக் குனிந்தவரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று எழுதி, கேள்வித்தாளில் முப்பத்தெட்டாவது கேள்வியாக ஒன்றைச் சேர்த்தது.

விசாரணை நாளில் அறைக்கு வருகிறவர்கள் சார்பாக நம்முடையவரைக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் நிலையத்தின் லிஃப்ட் நின்றிருந்தது. “வந்ததுதான் வந்தீங்க, இதையும் ஒரு பார்வை பாத்துடுங்களேன்,” என்றார்கள். சரிசெய்து, அதிலேயே ஏறிக் கூட்ட அறைக்குப் போனார். நீள மேசையின் தலைமாட்டில் இயக்குநர் இருந்தார். மென்மையான குரல். எதிரில் இருப்பவருக்குக் காய்ச்சல் என்பதுபோலப் பேசுவார்.

“பயப்படாம சொல்லுங்க. உள்ள போனதும் ஏன் குனியறீங்க?”

“குழாய் இருக்குங்க சார்.”

“என்ன குழாய்?”

“கதவுக்கு உள்பக்கம், நெத்தி மட்டத்துல. ஆபரேஷன் தியேட்டருக்குக் காத்து போற குழாய். கட்டறப்பவே தப்பா இழுத்துட்டாங்க. குனியலன்னா மண்டையில இடிக்கும்.”

மேசையைச் சுற்றி ஒரு புன்னகை போய்வந்தது. மூன்று பிரிவுத் தலைவர்களும் பல வருடங்களில் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்,” என்றார் இயக்குநர். “கும்பிடறவர் எப்பவும் வெளிக்காரணத்தைத்தான் சொல்லுவார். குழாய்ங்கறது நீங்க நம்பற காரணம். உள்காரணம் உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா அது உள்காரணமே இல்ல. அதைக் கண்டுபிடிக்கத்தான் நாங்க இவ்வளவு பேர் படிச்சிருக்கோம்.”

“ஒரு தடவை உள்ள வந்து பாத்தீங்கன்னா தெரிஞ்சுடும் சார்.”

“அது மட்டும் முடியாது. வெளியில நிக்கறதுதான் எங்க விஞ்ஞானமே.”

“சரி, குழாய்னே வெச்சுக்குவோம்,” என்றார் அடக்கப் பிரிவின் தலைவர், கையால் மேசையைத் தட்டி. “குழாய்க்குக் குனியப் பழகினவன் நாளைக்கு எதுக்கு வேணா குனிவான். அதை மறுக்க முடியுமா உங்களால?”

நம்முடையவருக்கு மறுக்கத் தெரியவில்லை. குழாயின் விட்டம் எவ்வளவு என்று வேண்டுமானால் அவரால் சொல்ல முடியும்.

அறிக்கை வந்தது. அதன் எழுபத்தோராம் பக்கத்தில் அடக்கப் பிரிவு கோபத்தோடு ஒரு குறிப்பு எழுதியிருந்தது: ‘இவ்வறைக்கு வரும் ஊழியர் எவரும் கூடுதல் நேர வேலையை மறுத்ததாகப் பதிவு இல்லை.’ கண்டனமாகத்தான் எழுதினார்கள். நிர்வாகி அதைச் சிபாரிசாகப் படித்தார். கோப்புகளை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அறைக்குச் சான்றிதழ் கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். கீழே நிபந்தனைகள். சமயம் என்பது சமூக நிகழ்வு என்று நிலையம் ஏற்கெனவே முடிவு செய்திருந்ததால், ஏழு பேருக்குக் குறைவாக அறையில் இருக்கக் கூடாது. ஏழுக்குக் கீழே நடப்பது தனிமனித விவகாரம், அது மனநலப் பிரிவின் வேலை, அது மருத்துவமனையின் இரண்டாம் மாடி. நுழையும்போதும் வெளியேறும்போதும் குனிய வேண்டும். உட்கார்வதற்கு முன்னும் பின்னும் ஒரு சீட்டு நிரப்ப வேண்டும்: பக்கத்தில் இருப்பவரோடு எவ்வளவு பிணைந்திருப்பதாக உணர்கிறீர்கள், ஒன்றிலிருந்து பத்துக்குள்.

ஆறாம் மாடியைத் துடைக்கும் ஆயா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஐயா, எம் பக்கத்துல உக்காந்த ஆளு வாயைத் தொறந்தா புகையில நாத்தம். அதுக்கு எத்தனை போடறது?”

தலையாட்டி தலையை ஆட்டி, நான்கு என்று போட்டுக்கொண்டார்.

“போறப்ப?”

“இன்னும் நாறுதா?”

“பழகிடுச்சு.”

“அப்ப ஏழு,” என்றார் தலையாட்டி மகிழ்ச்சியோடு. பிணைப்பு கூடியிருந்தது.

இப்படியே போயிருந்தாலும் பாதகமில்லை. ஆனால் ஆபரேஷன் தியேட்டரைப் புதுப்பித்தார்கள். தப்பான வழியில் போன குழாயைக் கழற்றிக் கூரையோடு கூரையாக ஏற்றினார்கள். நம்முடையவரும் ஒரு கை கொடுத்தார். மறுநாளிலிருந்து ஜனங்கள் நிமிர்ந்தபடி அறைக்குள் போனார்கள். பழக்கதோஷத்தில் சிலர் மட்டும் லேசாகத் தலையைச் சாய்த்தார்கள்.

தலையாட்டியின் தாளில் நூற்றுக்கு நூறாக இருந்த குனிவு ஒரே வாரத்தில் ஒன்பதாக விழுந்தது. நிலையம் அவசரக் கூட்டம் போட்டது. ‘ஒரு சமயத்தின் மறைவு’ என்று பிணைப்புப் பிரிவு நூற்று நாற்பது பக்கம் எழுதியது. படிப்பு வளர்ந்ததும் வாழ்க்கை வேகமானதும் காரணம் என்றது. விழித்துக்கொண்ட மக்கள் என்று அடக்கப் பிரிவு எழுதியது. நிர்வாகி அதைப் படித்துவிட்டுக் காவலாளிகளை இரட்டிப்பாக்கினார். நம்முடையவர் தலையாட்டியிடம் போய், “சார், குழாயைக் கழட்டிட்டோம்,” என்றார். தலையாட்டி தலையை ஆட்டி, ‘பங்கேற்பாளர் இன்னும் குழாயை நம்புகிறார்’ என்று எழுதிக்கொண்டார்.

சான்றிதழ் பெற்ற சமயத்தை இப்படிச் சாக விட முடியாது என்று இயக்குநர் முடிவு செய்தார். புத்துயிர்ப்புத் திட்டம் ஒன்று தீட்டப்பட்டது. அதன்படி கதவுக்கு உள்ளே, நெற்றி மட்டத்தில், குறுக்கே ஒரு மரச்சட்டம் அடிக்க உத்தரவு வந்தது. அடிக்கச் சொன்னது நம்முடையவரைத்தான். பழைய குழாயின் உயரத்தைத் துல்லியமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே.

“இடிக்கணுங்கறதுக்காகவே ஒண்ணை அடிச்சு வெக்கறீங்களே, தம்பி,” என்றாள் ஆயா.

“நான் எங்கக்கா வெக்கறேன்? வெக்கச் சொல்றாங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

குனிவு மீண்டும் நூற்றுக்கு நூறு ஆயிற்று. புத்துயிர்ப்புக்காக இயக்குநருக்கு ஒரு கேடயம் கிடைத்தது.

இதற்கிடையில் மனைவிக்கு ஆபரேஷன் தேதி குறித்தார்கள். அன்று காலை சக்கரக் கட்டிலில் அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது நம்முடையவர் லிஃப்டைத் தானே இயக்கினார். வழக்கத்தைவிட மெதுவாக, ஒரு குலுக்கல் இல்லாமல்.

“மூணு நாலு மணி நேரம் ஆகுமாம்,” என்றாள். “தியேட்டர் வாசல்ல குறுக்கும் நெடுக்கும் நடக்காதீங்க. நர்ஸு திட்டும். மேல போய் உக்காருங்க.”

“சரி.”

“நெசமா உக்காரணும். அங்க எதையாவது கழட்டிப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது.”

“சரி, சரி.”

“நான் உள்ள இருக்கறப்ப நீங்க அங்க இருக்கீங்கன்னு நெனச்சுக்குவேன்.”

தியேட்டர் கதவு மூடியது. அவர் படிகளில் ஏறி ஆறாம் மாடிக்குப் போனார். அறை காலியாக இருந்தது. கதவில் கை வைத்தவரைத் தலையாட்டி நிறுத்தினார்.

“ஒருத்தர்தானே இருக்கீங்க.”

“என் வீட்டுல உள்ள இருக்காங்க சார். ஆபரேஷன். நான் சும்மா உக்காந்துட்டுப் போயிடறேன்.”

“உக்காரலாம். தாராளமா. இன்னும் ஆறு பேர் வரட்டும்.”

“தனியா உக்காந்தா என்ன சார்?”

“தனியா உக்காந்தா அது ரூம்ல ஒருத்தர் உக்காந்திருக்கறது. ஏழு பேர் உக்காந்தாத்தான் அது சமயம்.” தலையாட்டி கெட்டவர் அல்ல. சொல்லும்போது வருத்தத்தோடுதான் தலையை ஆட்டினார்.

நம்முடையவர் ஆள் தேடி ஓடினார். ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவரைப் பக்கத்து வார்டிலிருந்து நம்முடையவரே தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார். யாருக்கோ மருந்து வாங்க வந்த அக்கா தங்கை இருவர், விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் வந்தார்கள். அவரோடு ஆறு. ஒவ்வொருவராகச் சட்டத்துக்கு அடியில் குனிந்து போனார்கள். கட்டுப் போட்ட பெரியவருக்குக் குனிவது பெரும்பாடாக இருந்தது.

தலையாட்டி எண்ணினார். “ஆறு. ஏழாவது ஆள் வந்தப்புறம் உக்காருங்க.”

“நீங்க வாங்க சார். ஏழாயிடும்.”

“நானா?” தலையாட்டி முக்காலியை ஒரு அங்குலம் பின்னுக்கு இழுத்தார். “நான் பாக்கறவன். நான் உள்ள வந்தா நீங்கல்லாம் மாறிடுவீங்க.”

“மாறினா மாறிட்டுப் போறோம்யா!” என்று கத்தினாள் ஆயா. “அவன் பொண்டாட்டி அங்க வயத்தைக் கிழிச்சுக்கிட்டு—”

“நெஞ்சுக்கா,” என்றார் அவர் மெதுவாக.

“நெஞ்சோ வயிறோ! வந்து உக்காந்தா உன் வேட்டி அவுந்துடுமா?”

‘அறைக்குள் பதற்றம். பிணைப்பு: மூன்று’ என்று தலையாட்டி எழுதினார். இருபத்தைந்து நிமிடம் நின்றபடியே காத்திருந்தார்கள். அக்கா தங்கையில் மூத்தவளுக்குப் போன் வந்தது. மருந்தைக் கேட்டு அவசரப்படுத்தினார்கள். அவள் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தங்கையையும் கூட்டிக்கொண்டு ஓடினாள். நான்கு பேர் ஆனார்கள். நம்முடையவர் அதற்குமேல் நிற்கவில்லை. குனிந்து வெளியே வந்தார். நேரே சரக்கு லிஃப்டுக்குப் போனார்.

ஒரு லிஃப்டை மோட்டார் மட்டும் தூக்குவதில்லை. கயிற்றின் ஒரு முனையில் நாம் நிற்கும் பெட்டி, மறு முனையில் இரும்புக் கட்டிகளை அடுக்கிய எதிர்எடை. பெட்டி ஏறினால் அது இறங்கும். பெட்டி இறங்கினால் அது ஏறும். நாள் முழுக்க இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில்தான் போகும். பாதி வழியில், ஒரே ஓர் இடத்தில், சுவரின் மறுபக்கம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஏறுகிறவர்கள் யாருக்கும் அது தெரியாது. அந்தக் கட்டடத்தில் அது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே. அங்கே அவர் லிஃப்டை நிறுத்தினார். தரையில் உட்கார்ந்தார். முதுகைத் தகரத்தில் சாய்த்தார். அந்தத் தகரத்துக்கு அப்பால் ஒரு சாண் தூரத்தில் அத்தனை எடையும் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எதுவும் சொல்லத் தெரியவில்லை. எதையும் கழற்றிப் பார்க்கவும் இல்லை. உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். சொன்னபடி.

புது வால்வு பொருந்தியது. ரத்தம் நிற்கவில்லை. லிஃப்ட் ஐந்தாம் மாடியில் திறந்தபோது நர்ஸ் அவரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பினார். நிலையத்திலிருந்து ஒரு கடிதம் காத்திருந்தது. ‘தங்கள் மனைவியின் மறைவை அறிந்து பதிவு செய்துகொண்டோம். அறைக்கு வந்தவர்களின் துயரம் எவ்வளவு தணிகிறது என்று எங்களிடம் தகவல் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, அறையைப் பயன்படுத்த முடியாமல் போனவர் ஒருவர் தேவைப்பட்டார். அக்குறை தங்களால் நீங்கியது. தங்கள் துயரத்தை ஒன்றிலிருந்து பத்துக்குள் குறித்து, இம்மாத இறுதிக்குள் அனுப்பவும்.’

அவர் அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு மோட்டார்க் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது.

சில நாள் கழித்து ஆயா வாளியோடு சரக்கு லிஃப்டில் ஏறினாள்.

“தம்பி, அன்னிக்கு நீ எங்க போன?”

அவர் சொன்னார்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “எனக்கும் ஒரு தடவை நிறுத்தறியா? என் மவன் போயி நாளையோட ஒரு வருஷம். சும்மா, ரெண்டு நிமிஷம்.”

நிறுத்தினார். பிறகு ஒரு நாள் காவலாளி வந்தார். அப்புறம் யார் யாரோ, ஒருவர் ஒருவராக. ஒருவர் மண்டியிட்டார். ஒருவர் சுவரைப் பார்த்து நின்றார். ஒரு இளம் டாக்டர்கூட வந்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஏறி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். ஆறாம் மாடியில் ஏழு பேரைச் சேர்க்க இப்போது நிர்வாகி முறைவைத்து ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்கள் குனிந்து போய், சீட்டு நிரப்பி, குனிந்து வந்தார்கள்.

ஆண்டு ஆய்வுக்கு இயக்குநர் நேரில் வந்தார். மற்ற லிஃப்ட்களில் கூட்டம். நம்முடையவர் இயக்கிக்கொண்டிருந்த சரக்கு லிஃப்டில் ஏறினார். ஏறும்போது அவரை அறியாமல் தலை குனிந்தது. சுவரில் ஆணியில் தொங்கிய பழுதுப் புத்தகத்தைப் பொழுதுபோகாமல் புரட்டினார்.

“என்னது இது? மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நிக்குது, நிக்குது, நிக்குதுன்னு… இந்த மாசம் மட்டும் அறுபது தடவை. எப்பவும் அதே எடம்.” அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “அதே எடத்துல ஏன் நிக்குது?”

நம்முடையவர் அவர் முகத்தைப் பார்த்தார். மரச்சட்டத்தை நினைத்துக்கொண்டார்.

“பழுது சார்.”

“வெறும் பழுதா?”

“வெறும் பழுது.”

வெளிச்சம் அணைந்தது. பழுதுக்குப் பயன் கிடையாது. பயன் இல்லாததை ஆராய நிலையத்தில் பிரிவு இல்லை. இயக்குநர் புத்தகத்தை ஆணியில் மாட்டினார். ஆறாம் மாடியில் இறங்கிப் போனார்.

நம்முடையவரை மட்டும் சுமந்துகொண்டு லிஃப்ட் கீழே இறங்கியது. பாதி வழியில் நின்றது. ரொம்ப நேரம் கழித்து, அவர் பேனாவை எடுத்து அன்றைய தேதியை எழுதினார். பழுது என்ற கட்டத்தில், நின்றது. செய்த வேலை என்ற கட்டத்தில், ஒன்றுமில்லை. காரணம் என்ற கட்டத்தில், அதற்கு மேலே இருந்த அறுபது வரிகளிலும் எழுதியிருந்ததையே எழுதினார்.

தெரியல.